ஏசிக்கு ஒரு காவக்காரன்

ஏலே பேராண்டி, வா வா. இப்படித் திண்ணையில உக்காரு. அட்டைப்பெட்டிய மடியிலருந்து எறக்கவே மாட்டேங்கியே, பொண்ணு வீட்டுக்குக் கொண்டுபோற சீரா? ஓகோ, தெர்மோஸ்டாட்டா! அதுவும் வயர் இல்லாத தெர்மோஸ்டாட்டு. கோவில்பட்டி லாட்ஜுல ஏசி ரூமு பூராத்துக்கும் ரூமுக்கு ஒண்ணா மாட்டப்போறீக. கரண்டு பில்லப் பாத்து மொதலாளிக்கு நெஞ்ச அடைச்சிருக்கு. ‘வாரவன் பூரா கரண்டக் குடிக்கான், ஏதாவது வழி பண்ணு தம்பி’ன்னு மேனேஜரு ஒன்னியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காரு. நீயும் வாங்குன கையோட குளத்தூருக்குப் பஸ் ஏறிட்ட.

நல்ல காரியம். போஸ்டு போஸ்டா ஏறி எறங்கித் தேஞ்ச காலு இது. கரண்டு எங்கன ஒழுகும்னு கெழவனுக்குத் தெரியும்னு நம்பி வந்திருக்க. சொல்லுதேன், கேளு. ஆனா நான் சொல்லுத எல்லாத்தையும் அப்படியே செஞ்சு வச்சிராத. எது எகத்தாளம், எது வெவரம்னு பிரிச்சு எடுத்துக்கிடுதது ஒன் பாடு.

மொதக் காரியம், பெட்டிய மாட்டுததுக்கு முன்னால ரூமு ரூமாப் போயி எதையும் சரிபண்ணிராத. கதவுக்கு அடியில வெரல் நுழையுத சந்து இருக்கும், இருக்கட்டும். கரிசல்ல நிக்கிற கட்டடம். மழைக்கு மண்ணு உப்பும், கோடைக்கு வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லன்னா சுவரும் கூடவே வாயப் பொளக்கும். சன்னல் சட்டத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல விழுந்த கீறல் வழியா உருமத்து அனல் உள்ள வரும். வரட்டும். மேக்க பாத்த சன்னலுக்குத் தடிச்ச தெரை போட்டா சாயங்கால வெயிலு வெளியவே நிக்கும், போடாத. ஏசி ஃபில்டரக் கழட்டிப் பாத்தா கரிசப் புழுதி அடஞ்சுபோயிருக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கொழாத்தண்ணியில அலசி விட்டாப் போதும், அலசாத. மொட்டமாடியில ஒரு யூனிட்டு விடுத அனல இன்னொண்ணு குடிக்கும்படியா நெருக்கி நெருக்கி வச்சிருக்காங்கல்லா, அதையும் தொட்டுராத. இதையெல்லாம் சரிபண்ணிட்டன்னு வையி, பெட்டி மாட்டுததுக்கு முன்னாலயே பில்லு எறங்கிரும். பெறவு வாங்குன பெட்டிக்கு என்ன மரியாத? வித்தவன் மொகத்துல எப்படி முழிப்ப?

எங்க மாட்டன்னு கேக்க. அதுக்குள்ள இருக்கது மொளகு அளவு ஒரு சென்சார். தனக்குப் படுத சூட்டத்தான் அது ரூமுச் சூடுன்னு நம்பும். அதனால மேக்குச் சுவத்துலயே மாட்டு. பொழுது சாயச் சாயச் சுவரு கொதிக்கும், பெட்டி ‘சுடுதே சுடுதே’ன்னு ஏசிய வெரட்டும், கட்டில்ல படுத்தவனுக்குப் பல்லு கிட்டிக்கிடும். இல்லையா, ஏசிக்கு நேர் எதுக்க மாட்டு. குளிர்காத்து மூஞ்சியில அடிச்சதும் ‘வேலை முடிஞ்சிருச்சு’ன்னு நிறுத்திரும், படுத்தவன் பனியனக் கழட்டிப் பிழிவான். கதவுக்குப் பின்னால மாட்டுனா இன்னும் விசேசம். கதவத் தொறந்து வச்ச நேரம் பூரா அது சுவத்துக்கும் கதவுக்கும் நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு, யாரு கண்ணுலயும் படாம ஒரு கணக்குச் சொல்லும்.

சரி, மொகத்தச் சுழிக்காத, வெவரத்துக்கு வாரேன். உள்சுவத்துல, தரையிலருந்து அஞ்சடி ஒசரத்துல, வெயிலும் ஏசிக்காத்தும் நேரடியாப் படாத எடம். டிவிக்கு மேல வேண்டாம், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல வேண்டாம். ஏசிக்குள்ளயே ஒரு சென்சார் இருக்கத்தான் செய்யிது. ஆனா அது சுவத்து உச்சியில இருக்கு. சூடு மேல ஏறி நிக்கும். அதுக்குத் தெரியுத சூடு வேற, கட்டிலுக்குத் தெரியுத சூடு வேற. ஒன் பெட்டிய வாங்குனதுல நியாயம்னு ஒண்ணு இருக்குன்னா, அதுல ஒரு பங்கு இதுதான்.

இங்கனதான் ஒரு கண்ணி இருக்கு. பெட்டியில 24 வச்சிருக்க. ஏசி ரிமோட்டுல முந்தாநாள் எவனோ வச்ச 26 அப்படியே கெடக்கு. 26 வந்ததும் ஏசி தானாவே கம்பிரசர அடக்கிரும். பெட்டி ‘இன்னும் வரல, இன்னும் வரல’ன்னு கேட்டுக்கிட்டே கெடக்கும். ஒரு காட்டுக்கு ரெண்டு காவக்காரனப் போட்டா அவன் பாத்துக்கிடுவான்னு இவனும், இவன் பாத்துக்கிடுவான்னு அவனும் தூங்கிருவான். யாரு சொல்லணும், யாரு கேக்கணும்னு மாட்டுத அன்னைக்கே தீத்து வச்சிரு. இன்வர்ட்டர் ஏசிக்கு மெயின் கரண்டயே படக்குனு வெட்டுத ரிலே வேண்டாம். கம்பிரசர் வேகத்தக் கூட்டிக் கொறச்சு ஓட்டுததுல தான் அது கரண்ட மிச்சம் பண்ணுது. அதப் போயி நிமிசத்துக்கு ஒருக்கா கழுத்த நெரிச்சா என்ன ஆகும்? ரிமோட்டு பேசுத இன்ஃப்ராரெட் பாசையிலயே அதுக்குச் சொல்லுத சாதனம் கெடைக்கி. அத வாங்கு.

பெட்டி 24-ல நிறுத்தி, 24-க்கு மயிரிழை கூடுனதும் திரும்பக் கெளப்புனா கம்பிரசரு செத்துப்போகும். நடுவுல ஒரு டிகிரி எடைவெளி விடு. நிறுத்துன கம்பிரசர மூணு நிமிசத்துக்குள்ள கெளப்பக்கூடாது. அது பெட்டியிலயும் எழுதியிருக்கும், ஏசியிலயும் எழுதியிருக்கும், வாரவன் மூளையில மட்டும் எழுதியிருக்காது. பொத்தான அமுக்குவான், காத்து வராது, மறுபடி அமுக்குவான், பத்துத் தடவ அமுக்குவான். பெறவு ரிசப்சனுக்குப் போன் போட்டு ஒங்க ஆத்தா அப்பன விசாரிப்பான். பெட்டிக்குக் கீழ ‘3 நிமிடம் பொறுக்கவும்’னு தமிழ்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டு. பெட்டி விலையில நூத்துல ஒரு பங்கு ஆகாது, பாதிச் சண்டை கொறையும்.

இனி, ரூமுல ஆளு இருக்கா இல்லையான்னு பாக்குத கண்ணு. வித்தவன் இதத்தான பெருசாச் சொன்னான்? ஆளு போனதும் தானாக் கொறச்சிரும்னு. அது எப்படிப் பாக்கும்னு கேட்டயா? மனுசன் ஒடம்புச் சூடு எடம் மாறுததப் பாக்கும். அசையாமப் படுத்துட்டா அதுக்கு அங்கன ஆளே கெடையாது. விளாத்திகுளம் மொளகா யாவாரி ஒருத்தரு பகல் பூரா சந்தையில அலைஞ்சு, புரோட்டாவத் தின்னுட்டு, கட்டையாட்டம் படுக்காருன்னு வையி. அரை மணி பாக்கும், ரூமு காலின்னு முடிவு பண்ணி 28-க்கு ஏத்திரும். நடுச்சாமம் ரெண்டு மணிக்கு அவரு ரிசப்சன்ல வந்து நிக்கும்போது ஒனக்கு மொளகாய விக்க வரமாட்டாரு.

நம்ம ஊருக்குன்னே தனியா ஒரு கூத்தும் இருக்கு. அந்தக் கண்ணுக்கு ஒடம்புச் சூடும் சுவத்துச் சூடும் வேற வேறயாத் தெரியணும். குளுரு தேசத்துல அது செரி. சித்திர மாசம் பூட்டிக் கெடந்த மாடி ரூமுச் சுவரு 36, 37 டிகிரிக்கு ஏறியிருக்கும்போது, ஆளும் சுவரும் அதுக்கு ஒண்ணுதான். ஆளு பையோட உள்ள வந்து நட்டநடுவுல நிக்கான், ‘இங்க ஒருத்தரும் இல்லீங்க’ன்னு அது சொல்லும்.

இந்தக் கண்ண மட்டும் நம்பாம, கதவுல ஒரு சென்சார் சேத்து மாட்டணும். காந்தத் துண்டு ஒண்ணு, அதப் பாக்குத ஸ்விட்ச்சு ஒண்ணு, அம்புட்டுதான். யோசனைய இப்படி வையி: கதவு தொறந்து மூடிச்சு, அதுக்குப் பெறவு உள்ள ஒரு அசைவு தெரிஞ்சுச்சுன்னா, அடுத்த தடவ கதவு தொறக்குத வரைக்கும் உள்ள ஆளு இருக்கான். அவன் பொணமாத் தூங்குனாலும் இருக்கான். கதவு மூடி, பத்துப் பதினஞ்சு நிமிசம் அசைவே இல்லன்னாத்தான் ஆளு வெளிய போயிட்டான். இந்தக் கதவுச் சங்கதி இல்லாத பெட்டின்னா நாளைக்கே திருப்பிக் குடுத்துரு. ரூபாயத் தராட்டிப் போகுது, மானமாவது மிஞ்சும்.

கல்யாண முகூர்த்தத்துல பாக்கணும் அந்தக் கதவு சென்சார. மூணு கட்டில் ரூமுல பதினஞ்சு பேரு. கதவு மூடுன பாடா இருக்காது. சித்தி சீப்பு கேட்டு வருவா, பய பந்தெடுக்க ஓடுவான். கதவு ஒரு நிமிசத்துக்கு மேல தொறந்து கெடந்தா ஏசி அடங்கும்னு வச்சிருப்ப. பட்டுச்சேலை கட்டுன பெரியம்மா, ‘இந்த லாட்ஜுல ஏசியே ஓடல, மாப்பிள்ள வீட்டுக்காரன் ஏமாத்திட்டான்’னு மண்டபம் வரைக்கும் சொல்லிட்டுப் போவா. அன்னைக்கு ஒருநாள் அந்த வரம்ப அஞ்சு நிமிசமாக்கு. கரண்டு போனாப் போகுது. அடுத்த கல்யாணத்துக்கும் ரூமு கேட்டு வரணுமா வேண்டாமா?

வாசல்ல கார்டு சொருகுத பொட்டி இருந்தாப் போதும்னு சொல்லுவாங்க. கார்ட உருவுனா கரண்டு நிக்கும். நம்ம ஆளுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? கல்யாணப் பத்திரிகைய நாலா மடிச்சுச் சொருகிட்டு ஏசிய ஓடவிட்டுப் போயிட்டே இருப்பான். திரும்பி வரும்போது குளுகுளுன்னு இருக்கணும்லா.

இதெல்லாம் புதுசுன்னு நெனச்சுக்கிடாத. இந்த வேலைய மொதல்ல யோசிச்சவங்கள்ல ஓட்டல்காரன் எவனும் இல்ல. 1600-கள்ல டிரெபெல்னு ஒரு டச்சுக்காரன், கோழிமுட்டையப் பொரிக்குத அடுப்புக்குச் சூடு கூடாம கொறயாம நிக்க வழி பண்ணுனான். சூடு ஏறுனா பாதரசம் மேல ஏறிக் காத்து வழிய அடைக்கும். நம்ம கோழி இதக் கேட்டாச் சிரிக்கும், அது வேற. பெறவு அமெரிக்காவுல ஒயிட்வாட்டருங்கிற ஊருல வாரன் ஜான்சன்னு ஒரு வாத்தியாரு. கொதிகலன் பாக்குதவன் ஒவ்வொரு வகுப்பாப் புகுந்து சூடு பாத்துட்டுப் போறதுல பாடம் கெடுதுன்னு அவருக்கு எரிச்சலு. 1883-ல ஒரு கருவி செஞ்சு காப்புரிமை வாங்குனாரு. வகுப்புல சூடு மாறுனா கொதிகலன் அறையில மணி அடிக்கும். மணிதான் அடிக்கும், பாத்துக்கோ! எந்திருச்சுப் போயி அனலக் கூட்டிக் கொறைக்குததுக்கு ஒரு ஆளு வேணும். அவன் தூங்கிட்டான்னா வாத்தியாரு வெறச்சுப் போகவேண்டியதுதான். ஒங்க லாட்ஜு ரூம் பாயிகளப் பாத்தா எனக்கு அந்த மணி ஞாபகம்தான் வருது.

மெட்ராசுல கிண்டிக்கிட்ட ஐடிசி கிராண்ட் சோழான்னு இருக்கு. 2012-ல தொறந்தது, 600 ரூமு. கட்டடம் கரண்டையும் தண்ணியையும் சிக்கனமாச் செலவழிக்கின்னு லீட் பிளாட்டினம் பட்டயம் வாங்கியிருக்கு. சொந்தக் காத்தாலையிலருந்து கரண்டு எடுக்குதாங்க. கட்டில்ல படுத்துக்கிட்டே ஐபேடத் தடவி வெளக்கையும் குளுரையும் மாத்தலாம். ஒங்க மொதலாளி அதப் பாத்துட்டு வந்துதான் ஒன்னியப் புடுங்குதாரோ என்னமோ. அந்த மாதிரிப் பெரிய ஓட்டல்கள்ல குளுந்த தண்ணி கொழாய் வழியா ரூமு ரூமாப் போகும். தெர்மோஸ்டாட்டு அந்த வால்வத் தொறந்து மூடும். ஒங்களுக்கு ரூமுக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி, அதுலயும் பாதி வேற வேற கம்பெனி. அங்கன பொருந்துனது இங்கன பொருந்தும்னு வாங்கிட்டு வந்துராத. ஒரு ரூமுல மாட்டி ஒரு மாசம் பாரு. பக்கத்து ரூமுல மாட்டாம மீட்டரு மட்டும் போடு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு மிச்சத்த வாங்கு. அதுக்குள்ள பூராத்தையும் வாங்கிட்டயா? நல்லாருக்கு.

வயர் இல்லன்னா சும்மா வந்துருமா? பெரும்பாலும் வைஃபை ஓடுத 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே இதுவும் ஓடும். நடுவுல கம்பி கட்டுன கான்கிரீட் சுவரு, இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி இருந்தா பேச்சு பாதியில அறுந்துரும். மலிவா வருதுன்னு வெளிநாட்டுப் பெட்டிய எறக்காத. அமெரிக்காவுக்குச் செஞ்சதுல சிலது 915 மெகாஹெர்ட்ஸ்ல பேசும். நம்ம நாட்டுல லைசென்சு இல்லாம பேச விட்டது 865-லருந்து. நெட்டு போனாலும் பெட்டி தன் ரூமத் தானே பாத்துக்கிடணும். ரிசப்சன்ல இருக்க ரவுட்டரு மல்லாந்ததுக்கு மூணு மாடியும் வேகக்கூடாது.

ஜோடி சேக்குததுல கவனம் வையி. எல்லாப் பெட்டியையும் ஒரே மேசையில பரப்பி, ஒரே நேரத்துல பொத்தான அமுக்கிட்டுப் போனீகன்னா, 204-ல இருக்கவன் பொத்தான அமுக்க 304-ல இருக்கவன் நடுங்குவான். 204 ‘வேலை செய்யல’ம்பான், 304 ‘பேய் இருக்கு’ம்பான். ஒவ்வொண்ணா பேட்டரியப் போடு, அந்த ரூமு ஏசியோட சேரு, சேந்துச்சான்னு பாரு, முதுகுல ரூமு நம்பர எழுது, அடுத்ததுக்குப் போ.

பேட்டரின்னதும் ஞாபகம் வருது. அதுக்குள்ள பென்சில் செல்லு போட்டிருப்பான். டிவி ரிமோட்டுக்கும் அதே செல்லு. கிரிக்கெட் மேட்ச்சு அன்னைக்கு எந்த ரூமுப் பெட்டியெல்லாம் கண்ண மூடும்னு நான் இங்கருந்தே சொல்லுவேன். மூடிய ஸ்க்ரூ போட்டு முறுக்கு.

வாரவனுக்கு எம்புட்டு வரைக்கும் எடங்குடுக்கணும்? 2020 சனவரி 1-லருந்து ஸ்டார் போட்ட ஏசி எல்லாம் 24-லதான் ஆரம்பிக்கணும்னு மத்திய அரசு சொல்லிருச்சு. ஒரு டிகிரி கூட்டி வச்சா 6 சதவீதம் கரண்டு மிச்சம்னு எரிசக்தித் திறன் பணியகம் கணக்குச் சொல்லுது. 2025 சூன்ல மின்துறை மந்திரி மனோகர் லால் கட்டார், 20-க்குக் கீழயும் 28-க்கு மேலயும் ஏசியே போகாதபடி பண்ணப்போறோம்னு சொன்னாரு. ஒன் பெட்டியில 22-க்குக் கீழ போகாதபடி பூட்டலாம். பூட்டு, ஆனா ஏமாத்தாத. திரையில 18-ன்னு காட்டிக்கிட்டு உள்ளுக்குள்ள 24-ல நிக்கும்படி வைக்குத தந்திரமும் சில பெட்டியில உண்டு. கயத்தாறு காத்தாலைக்கு வேலைக்கு வாரவன் எல்லாம் எலக்ட்ரிக்கல் படிச்ச பய. பையில தெர்மாமீட்டர் வச்சிருப்பான், பேராண்டி. ஒன் கையப் புடிச்சிருவான்.

இப்ப கணக்குக்கு வா. ஒன்றரை டன் ஏசி ஓடுனா மணிக்கு ஒன்றரை யூனிட்டுக்குப் பக்கமா இழுக்கும். காலையில ஒம்போதுக்குக் கழுகுமலைக்குப் போனவன் அஞ்சு மணிக்கு வாரான். எட்டு மணி நேரத்துல பாதி நேரம் கம்பிரசரு ஓடுனதா வச்சாலும் 6 யூனிட்டு. கடை, லாட்ஜுக்கு யூனிட்டு பத்து ரூபாயத் தொட்டு நிக்கி. 60 ரூபா. ஒருத்தனுக்கும் குளுராத 60 ரூபா. ஒன் பெட்டி புடிக்க வேண்டியது இதத்தான். ரூமுல இருக்கவனோட ரெண்டு டிகிரிக்கு மல்லுக்கு நிக்காத, அவன் துட்டு குடுத்துட்டு வந்திருக்கான். ஆளு வெளிய போனா 28-க்கு ஏத்து, திரும்புனா எறக்கு. ரூமே போகலன்னா மொத்தமா நிறுத்து. ரிசப்சன்ல ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்து, லெட்ஜர்ல கையெழுத்து வாங்குத நேரத்துல அங்கருந்தே ரூமுக்கு ஏசியப் போட்டுவிடு. லிப்டு ஏறி வாரதுக்குள்ள ஓரளவு குளுந்துரும்.

இன்னொண்ணு சொல்லுதேன், காதக் குடு. பெட்டிய மாட்டிட்டு, எந்த ரூமுல எப்ப ஏசி ஓடுச்சுன்னு வார கணக்க மொதல் மாசம் ஒருத்தருக்கும் காட்டாத. நீ மட்டும் பாரு. ஆளே எடுக்காத 110-ல மதியம் ரெண்டுலருந்து நாலு வரைக்கும் தெனமும் ஏசி ஓடியிருக்கும். அது பேயில்ல, ரூம் பாயி. சாப்பிட்டுட்டு அசந்திருப்பான். அவன வெரட்டிராத, வெயில்ல மூணு மாடி ஏறி எறங்குதவன். ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு நல்ல ஃபேனப் போட்டுக் குடு, 110 தானா அடங்கிரும். ஆடி மாசம் செங்கோட்டைக் கணவாய்க் காத்து அடிக்கும்போது தென்மேக்கு ரூமுல சன்னலத் தொறந்தா ஏசியே வேண்டாம். ஆனா புழுதி வந்து மெத்தையில உக்காரும், அத யாரு தொடைக்கன்னு நீங்க சன்னல ஆணி அடிச்சு வச்சிருக்கீக.

கணக்குல எல்லாத்துக்கும் மேல ஒரு ரூமு நிக்கும் பாரு. ராப்பகலா 18-ல, கதவு தொறந்தபடி. யாரு ரூமுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? ரிசப்சனுக்குப் பின்னால, பெரிய நாற்காலி போட்ட ரூமு. எழுந்திருச்சு சாப்பிடப் போனாலும், சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் நாற்காலிக்கு வேர்க்கக்கூடாதுன்னு ஏசி ஓடிக்கிட்டுக் கெடக்கும்.

நாளைக்குக் காலையில மொதப் பெட்டிய அங்கனதான் மாட்டுத. கதவு சென்சாரோட. ‘அண்ணாச்சி, நல்ல காரியத்த ஒங்க கையால தொடங்கணும்’னு தேங்கா பழத்தோட போயி, அவரு கையாலயே ஸ்க்ரூவ முறுக்க வையி. வரம்பு 24-ன்னு அவரு வாயாலயே சொல்ல வையி. பெறவு பூட்டிட்டு நம்பர நீயே வச்சுக்கோ.

அவரு மொகம் மாறுச்சுன்னு வையி, ஒரு வார்த்தையும் எதுத்துப் பேசாத. பையத் தூக்கிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துரு. தை பொறந்தா மொளகாப் பழம் பறிக்க ஆளு கெடைக்காம நான் இங்கன தவிச்சுக்கிட்டு இருக்கேன்.